நாலு கிலோ எழுநூறு கிராம் நாவல்

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கமுள்ள அந்த நாவல் நாலு கிலோ எழுநூறு கிராம் எடை இருந்தது. பைண்டர் அக்கா முதலில் தராசைத்தான் சந்தேகப்பட்டாள். தட்டைத் துடைத்து, ஒரு கிலோ படிக்கல்லை வைத்துச் சரிபார்த்துவிட்டு மறுபடி புத்தகத்தை வைத்தாள். முள் பழைய இடத்திலேயே போய் நின்றது. அதே தாளில் அதே அளவில் அவள் இருபத்திரண்டு வருடமாகக் கட்டிய எந்தப் புத்தகமும் இருநூற்று இருபத்தைந்து கிராமைத் தாண்டியதில்லை. எனவே ஒரு பிரதியைப் பிரித்துப் பார்த்தாள். புத்தகம் என்பது பதினாறு பதினாறு பக்கமாக மடித்த ஃபாரங்களின் அடுக்கு. இந்த நாவலில் பன்னிரண்டு ஃபாரங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய பதினேழு கிராம். பதினொன்றை அடுக்கும்வரை கணக்குப் பிசகவில்லை. கதை முடிகிற பன்னிரண்டாவது ஃபாரத்தை மேலே வைத்ததும் தராசுத் தட்டு ணங்கென்று கீழே அடித்தது. எடுத்தால் ஏறியது, வைத்தால் இறங்கியது. ஏழு முறை செய்து பார்த்தபின் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்நூறு பிரதிகள் கட்டியாகியிருந்தன. இரண்டு டன்னுக்கும் மேலான எடை மூன்றாவது மாடித் தரையில் நின்றது. வியாழக்கிழமை காலை தரை இரண்டு விரல்கடை இறங்கி, கீழ்வீட்டுக்காரர் தன் சாப்பாட்டுத் தட்டில் விழுந்த சுண்ணாம்புக் காரையைத் தட்டோடு எடுத்துவந்து காட்டினார். பதிப்பாளர் தராசையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டட உரிமையாளர் திங்கட்கிழமை பத்து மணிக்குள் அத்தனையும் வெளியேற வேண்டும் என்று சொல்லிவிட்டதால், காகிதக் கூழ் ஆலைக்குப் போன் செய்து சங்கிலிக் கப்பியோடு லாரியை வரச் சொன்னார். இதை எந்த வாசகர் வாங்குவார், படுத்துக்கொண்டு படித்தால் விலா எலும்பு போய்விடாதா என்பது அவருடைய வாதம். அதற்குள் தரையின் பாரத்தைக் கொஞ்சமாவது குறைக்கலாம் என்று, இருபத்தைந்து பிரதிகள் சேர்த்த கட்டுகளில் நாலைத் தள்ளுவண்டியோடு லிஃப்டில் ஏற்றினார்கள். அது இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் நின்றுபோனது.

லிஃப்டைச் சரிசெய்ய வந்தவர்தான் அந்த நாவலை எழுதியவர். இது பைண்டர் அக்காவுக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. அந்தப் பதிப்பகத்தில் எழுதியவரும் பிழை திருத்துபவரும் அட்டை வரைபவரும் புத்தகம் கட்டுபவரும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. எல்லாம் பழுப்பு உறையில் பதிப்பாளர் மேஜைக்கு வந்து, அங்கிருந்து அடுத்தவருக்குப் போகும். நாலு பேரைச் சேர்த்து உட்காரவைத்தால் புத்தகம் வராது, சண்டைதான் வரும் என்று அவர் உறுதியாக நம்பினார். யாருடைய போன் நம்பரும் மற்றவரிடம் இருக்கக்கூடாது என்பதற்காக நாலு தனி நோட்டுகள் வைத்திருந்தார்.

லிஃப்ட்காரர் கதவைத் திறந்து, கட்டின்மேல் தன் நாவலின் தலைப்பைப் பார்த்தார். பிறகு இரு கட்டுகளை, பக்கத்துக்கு ஒன்றாகக் கையில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். கட்டு ஒன்று நூற்றுப் பதினேழு கிலோ. பைண்டர் அக்காவின் கையிலிருந்து பசை பிரஷ் விழுந்தது. கனக்கவில்லையா என்று அவள் கேட்டபோது அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"இது எப்பவும் இவ்ளோதான்க்கா இருந்துச்சு. ஒம்பது வருஷமா வேலைக்குப் போற பையிலயே தூக்கிட்டுத் திரிஞ்சேன். வீட்டுல கூடச் சொன்னதில்ல."

கூழ் ஆலை விஷயத்தை அக்கா சொல்ல வேண்டியிருந்தது. கேட்டதும் அவர் முகம் வெளுத்துப்போயிற்று. சர்வீஸ் ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியது, கையெழுத்துப் படி அச்சகத்திலேயே தொலைந்துவிட்டது, இது போனால் இனி ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உதிரிப்பாகம் கிடைக்காது என்று சொல்கிற குரலில் சொன்னார். அக்கா என்ன செய்வதென்று தெரியாமல், எழுதும்போது எங்கே ரொம்பக் கஷ்டப்பட்டீங்க என்று கேட்டுவைத்தாள். பதினான்காம் அத்தியாயத்தில் என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சு முடிந்தபோது தராசில் கிடந்த பிரதி நாலு கிலோ இருநூறு காட்டியது. அக்கா தாள் எடை போடும் பெரிய மேடையில் ஏறி நின்றாள். காலையில் அறுபத்தொரு கிலோ இருந்தவள் இப்போது அறுபத்தொன்றரை. அவள் பயந்துபோய் இறங்க, லிஃப்ட்காரர் மட்டும் முள்ளைப் பார்த்துத் தலையாட்டினார்.

"லிஃப்ட்ல ஏறுற எடை எங்கயும் காணாமப் போறதில்லக்கா. மறுபக்கம் ஒரு எதிரெடை தொங்குது, அதனாலதான் மோட்டாருக்கு வலிக்கல. இதுக்கு மறுபக்கத்துல இதுவரைக்கும் ஆளே தொங்கல, அவ்ளோதான்."

ஐந்நூறு பிரதிகளும் ஒரே நாவல் என்பதால் சுமப்பவர் அதை ஒரு தடவை சுமந்தால் போதும். அரை கிலோ அக்காவுக்குப் பெரிய பாரமாக இல்லை. சாப்பாட்டுப் பை தோளில் தொங்குவது போலிருந்தது.

வெள்ளிக்கிழமை பதிப்பாளர் வங்கிக்குப் போன நேரத்தில் அக்கா நாலு நோட்டுகளையும் திறந்தாள். பிழை திருத்தும் அம்மாள் வந்தார். அவருக்குக் காற்புள்ளி என்று பட்டப்பெயர். பத்தொன்பது வருடத்தில் ஓர் எழுத்தாளரை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்பதால் வாசலிலேயே தயங்கி நின்றார். பதினான்காம் அத்தியாயத்தில் தங்கை ஏன் கதவைத் திறக்கவில்லை என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தேனே, பதிலே வரவில்லையே என்றார். லிஃப்ட்காரர் திகைத்துப்போனார். அந்தக் கேள்வி அவருக்கு வந்துசேரவே இல்லை. பென்சில் கேள்விகளையெல்லாம் பதிப்பாளர் ரப்பரால் அழித்துவிட்டுத்தான் உறையில் போடுவார் என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. அம்மாள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர்கள் தங்கையைப் பற்றிப் பேசி முடித்தபோது ஒரு கிலோ நூறு கிராம் இறங்கியிருந்தது.

அட்டை ஓவியர் வந்ததும் பதிப்பாளர் பயந்ததே நடந்தது. லிஃப்ட் வேலை செய்பவனின் கதைக்கு மாடிப்படி படம் போட்டது யார் மூளை என்று எழுதியவர் கேட்டார். ஓவியர் சும்மா இருக்கவில்லை.

"கதையக் குடுத்தாங்களாய்யா எனக்கு? தலைப்ப மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. அதுக்கு மாடிப்படியாவது வந்துச்சேன்னு சந்தோஷப்படு."

நாற்பது நிமிடம் இருவரும் கத்தினார்கள். ஓவியர் புத்தகத்தைப் பிடுங்கி, நின்றபடியே முழுதையும் படித்து, உன் கடைசி அத்தியாயம் மட்டும் தேறும் என்று மறுபடி கத்தினார். வங்கியிலிருந்து சாயங்காலம்தான் திரும்பிய பதிப்பாளர் வாசலில் நின்று, நான் சொன்னேன் பார்த்தியா என்பதுபோல அக்காவைப் பார்த்தார். அக்கா தராசைக் காட்டினாள். அந்தச் சண்டையில் மட்டும் ஒரு கிலோ அறுநூறு இறங்கியிருந்தது. அதுவரை யாருடைய பேச்சிலும் அவ்வளவு இறங்கவில்லை. பதிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடி பார்த்தார். முள் மாறவில்லை.

மீதி ஒரு கிலோ இருநூற்று எழுபத்தைந்து கிராம் சனிக்கிழமை முழுக்க அசையவில்லை. யார் மிச்சம் என்று எல்லோருக்கும் தெரிந்தது, சொல்லத்தான் தயங்கினார்கள். கடைசியில் காற்புள்ளி அம்மாள்தான் கேட்டார்: "சார், நீங்க இத முழுசா படிச்சீங்களா?" முதல் அத்தியாயம் படித்தேன் என்றார் பதிப்பாளர், எல்லாப் புத்தகத்துக்கும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பகலெல்லாம் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தார். திங்கள் காலை லாரி வாசலில் ஹாரன் அடிக்கும்போது கடைசிப் பக்கத்தில் இருந்தார். தலை நிமிர்ந்து, "அந்தத் தங்கச்சி கதவத் திறந்திருக்கலாமேய்யா" என்றார். அடுத்த கணம் துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டு எல்லோரும் சுவரோரம் பதுங்கினார்கள். இறங்கியிருந்த தரை பழைய மட்டத்துக்கு ஏறிய சத்தம் அது. தராசில் இருநூற்று இருபத்தைந்து கிராம். சங்கிலிக் கப்பியோடு வந்த ஆலை ஆட்கள் கட்டுகளை ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு, ஆலைக்குத்தானே என்று கேட்டார்கள். புத்தகக் கடைக்கு என்றார் பதிப்பாளர்.

அடுத்த வருடம் ஒரு கவிஞரின் அறுபத்துநாலு பக்கத் தொகுப்பு பதினோரு கிலோ வந்தது. அதற்கடுத்த வருடம் ஒரு மொழிபெயர்ப்பாளர் தன் புத்தகத்தைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். வேறு பதிப்பகங்களிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். லிஃப்ட்காரர் இரண்டாவது நாவலை எழுதினார்; அது ஆரம்பத்திலிருந்தே சரியான எடையில் இருந்தது. நாலு நோட்டுகளும் ஒரே பட்டியலாகி, பைண்டிங் அறைச் சுவரில் ஒட்டப்பட்டது. இப்போது அதில் முப்பத்தெட்டுப் பேர். வியாழன்தோறும் நாலு மணிக்குக் கூடுவார்கள். புதிய புத்தகம் தராசில் ஏறும். கூடுதல் எடை இறங்கும்வரை அதைப் படித்தவர்கள் எழுதியவரோடு பேசுவார்கள், தேவைப்பட்டால் கத்துவார்கள். பென்சில் கேள்விகளை யாரும் அழிப்பதில்லை. இதனால் உறுப்பினர்கள் எல்லோரும் பார்வைக்குத் தெரிவதைவிடச் சில கிலோ கூடுதலாக இருக்கிறார்கள். லிஃப்ட்காரர் அதைக் கணக்கிட்டு, லிஃப்டில் எட்டுப் பேர் என்றிருந்த பலகையைக் கழற்றி ஆறு பேர் என்று எழுதி மாட்டினார். அதற்குப் பிறகு லிஃப்ட் நின்றதில்லை.