பூனையின் வால் போன இடம்

“வாயைக் கொண்டுவந்தியா, வீட்டிலேயே வச்சிட்டு வந்தியா?” என்று பத்தாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் அவளைக் கேட்டார். வகுப்பே சிரித்தது. நறுக்கென்று ஒரு பதில் அவளுக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் அது தோன்றியபோது அவள் பள்ளியை விட்டு நின்று, பெரியப்பாவின் மூக்குக் கண்ணாடிக் கடையில் யாருடைய கண்ணாடியையோ துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆளிடமா சொல்ல முடியும்?

வீட்டில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். கோட்டானாவது இருட்டினால் குரல் கொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பெரியப்பா சபையைக் கூட்டுவார். சபை என்றால் அவர், பக்கத்துத் தையல்கடை அக்கா, பஸ் டிரைவர் ஒருவர். மூவரும், ஒரு காலத்தில் செய்தித்தாளில் தினமும் வந்த ‘மாடிக் குடும்பம்’ படக்கதைக்கு அடிமைகள். கணவன், மனைவி, ஒரு பூனை. கடைசிக் கட்டத்தின் வலது ஓரத்தில் பூனை உட்கார்ந்து, அன்றைய கூத்தைப் பார்த்துவிட்டு வாலைக் கேள்விக்குறி போல வளைத்து வைத்திருக்கும். ஒரு மழைக்காலத்திலிருந்து வாலைக் காணோம். கதை நிற்கும்வரை அது திரும்பவே இல்லை. வரைந்தவரும் காரணம் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைமேல், ஓரம் பிசகாமல் கத்தரித்த படங்களை மாட்டி, டார்ச் அடித்து ஆராய்வார்கள்.

“பஸ் கதவுல மாட்டியிருக்கும்” என்பார் டிரைவர்.

“உங்க பஸ்ஸாத்தான் இருக்கும்” என்பாள் அக்கா.

“வாயை மூடுங்க ரெண்டு பேரும். இது ஒரு கலைஞனோட துக்கம்” என்பார் பெரியப்பா.

அவளிடமும் ஒரு விளக்கம் இருந்தது. அதை நாலு பேர் முன்னால் ஒரே ஒரு தடவை, நடுவில் முழுங்காமல் சொல்லி முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் டீச்சர் கேட்டது சரி என்றாகிவிடும். லென்ஸ் துடைத்தபடியே வாய்க்குள் ஒத்திகை பார்த்தாள். “போதும்மா, பவரும் அழிஞ்சிடப்போகுது” என்று ஒரு வாடிக்கையாளர் கெஞ்சி வாங்கிப்போனார்.

ஒரு ஞாயிறு, தளர்ந்த ஃபிரேமை முறுக்கித் தரச்சொல்லிப் பெரியவர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். அந்நிய முகம். ஆனாலும் எழுந்தாள்.

“பெரியப்பா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?”

டிரைவர் திரும்பிப் பார்த்தார். “யாரு பேசினது?”

“வாலுதான் பூனையோட கேள்வி. தினமும் கேட்டுப் பாத்துச்சு. ஒருத்தரும் காதுல போட்டுக்கல. கேக்குறதே வீண்னு கேள்வியை முழுங்கிடுச்சு. வரைஞ்சவரு வாலை எடுக்கல. பூனையே எடுத்து உள்ள வச்சுக்கிச்சு.”

அக்கா மூக்கை உறிஞ்சினாள். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். “யாரு, என் தம்பி பொண்ணாச்சே!” அவளுக்குக் காது சுட்டது. பேசியது பூனையைப் பற்றித்தானா என்று அவளுக்கே சந்தேகம். மற்றவர்களுக்கு வராதவரை சரி.

பெரியவர் தொண்டையைச் செருமினார். “தப்பா எடுத்துக்காதீங்க. நான் அந்தப் பேப்பர்ல படத்தையும் விளம்பரத்தையும் வெட்டிப் பக்கத்துல ஒட்டுற வேலை பாத்தவன். வாலை வெட்டினது நான்தான்.”

“வெட்டினீங்களா!” கொலைகாரனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் போல டிரைவர் எழுந்தார்.

“பக்கத்துல ஒரு விளம்பரம். இன்னும் ஒரு விரல் அகலம் வேணும்னு அந்த ஆளு தினம் ஃபோன் போட்டு உசுரை வாங்கினாரு. கடைசிக் கட்டத்தை ஓரமா நறுக்கி, புதுசா ஒரு கோடு போட்டுட்டேன். வரைஞ்சவரு நாலு நாள் கத்தினாரு. விளம்பரமோ கடைசிவரைக்கும் நிக்கல. என்ன செய்யறது?”

இத்தனை நாள் ஒத்திகையும் ஒரு விரல் அகலத்தில் போயிற்று. அழுகை வரும் என்று காத்திருந்தாள், சிரிப்புதான் வந்தது. தப்பாகச் சொன்னாலும் முழுசாகச் சொல்லிவிட்டாளே! வாயைத் திறந்து பழக்கமில்லாதவளுக்கு அதை எங்கே மூடுவது என்பதுதான் தெரியவில்லை.

“என்ன விளம்பரங்க அது?”

“மூக்குக் கண்ணாடிக் கடை. ரெண்டு பெரிய கண்ணு போட்டிருக்கும். வரும்போது வெளிய போர்டுல பாத்தேனே, அதே...”

பெரியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அக்காவும் டிரைவரும் மெதுவாகத் திரும்பினார்கள்.

பெரியப்பா எழுத்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். கழற்றிய கண்ணாடியை மேஜைமேல் அப்படியே விட்டுவிட்டு, ஷட்டருக்கு அடியில் குனிந்து, தன் கடையிலிருந்து தானே வெளியே போய்விட்டார்.