செத்தபின் போட்ட கையெழுத்து

இறந்து அடக்கமான நான்காம் நாள், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, தியோபிலஸ் கிட்டன்ஸ் வழக்கம்போல் வேலைக்கு வந்தார். ஜார்ஜ்டவுனில் காலனி அதிகாரிகளின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் கொடுக்கும் அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். தொப்பியை ஆணியில் மாட்டினார், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டார், விட்ட இடத்திலிருந்து கோப்பைப் பார்க்கத் தொடங்கினார். காலணியில் கல்லறைத் தோட்டத்துச் சேறு இருந்தது. அந்த வருடம் மழை அதிகம்.

யாரும் அலறவில்லை. சிக்கல் மாதக் கடைசியில்தான் வந்தது. செத்தவருக்குச் சம்பளம் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார் மேலதிகாரி மக்ரே. தினமும் கையெழுத்துப் போடுகிறவரின் மனைவிக்கு விதவை ஓய்வூதியம் கொடுக்கவும் இடமில்லையாம். அந்த மனைவி யூலாலி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். அப்பன் வேலைக்குப் போகிற பிள்ளைகளை அநாதை விடுதியில் எப்படிச் சேர்ப்பது என்று கன்னிமாடத்தார் அவளுடைய இரண்டு பெண்களையும் திருப்பி அனுப்பினார்கள். வாடகை பாக்கிக்காக வெள்ளிக்கிழமை நண்பகல் பூட்டுப் போட வருவதாக வீட்டுக்காரன் கெடு வைத்தான்.

இதைவிட வேறொன்று அவள் நெஞ்சைக் குடைந்தது. செத்த மனிதர் ஆபீசுக்கு வருகிறார், வீட்டுப் பக்கம் ஒருநாளும் எட்டிப்பார்க்கவில்லை. ஐந்து மணியானதும் கல்லறையை நோக்கித்தான் நடந்தார். முதல் வாரம் உப்புமீனும் கிழங்கும் தேங்காய்ப்பாலில் வேகவைத்து மூடி வைத்துப் பார்த்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கறுப்பு உடுத்தி விதவைகளின் வரிசையில் போய் நின்றாள். கிட்டன்ஸின் கெடுபிடி ஊரறிந்தது. ஓர் எழுத்து பிசகினாலும் ஆறு தாண்டி வந்த கிழவியைக்கூடத் திருப்பி அனுப்புவார். அவள் முறை வந்தபோது அலுவலகம் முழுக்கப் பேனாவைக் கீழே வைத்தது. மக்ரே தம் அறை வாசலில் வந்து நின்றார்.

"கணவர் பேரு, மேடம்?" என்றார் கிட்டன்ஸ், தலை நிமிராமல்.

"தியோபிலஸ் கிட்டன்ஸ்."

மரணச் சான்றிதழை வாங்கி மூன்று தடவை படித்தார். டாக்டரின் கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குறை கிடைத்திருந்தால் திருப்பித்தான் அனுப்பியிருப்பார். அது அவளுக்கும் தெரியும்.

"அவர் இறந்தது உங்களுக்கு நேர்ல தெரியுமா?"

"நான்தான் குளிப்பாட்டினேன். கழுத்துப் பட்டன் போடாம விட்டா கோவிப்பீங்கன்னு அதையும் போட்டேன். செத்தும் ஆபீசுக்குத்தான் வரத் தெரிஞ்சுது உங்களுக்கு. புள்ளைங்க முகம் ஞாபகம் வரல, இல்ல?"

கிட்டன்ஸ் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பட்டன் இருந்தது. பிறகு வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, இறந்த நாளுக்குப் பின் தாம் போட்ட கையெழுத்துகளை ஒவ்வொன்றாக அடித்தார். அதன் பின்பே அவள் கோப்பில் முத்திரை குத்தினார். யூலாலி காகிதத்தோடு ஓடினாள். பூட்டும் கையுமாகப் படியில் நின்ற வீட்டுக்காரன், முத்திரையைப் பார்த்துவிட்டுப் பூட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமையும் எட்டு மணிக்கு கிட்டன்ஸ் வந்தார், கையெழுத்து மட்டும் போடவில்லை. அவர் இடத்துக்கு வந்த குமாஸ்தா, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டான். ஓய்வூதியம் வாங்குகிறவள் வருடத்துக்கு ஒருமுறை நேரில் வந்து, உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது விதி. இருபத்துமூன்று ஜனவரிகள் யூலாலி வந்தாள். உயிரோட இருக்கீங்களா மேடம் என்று கேட்பார், இருக்கேன் என்பாள். பிள்ளைகளைப் பற்றி நாலு வார்த்தை சொல்வாள். அதையும் கோப்பின் ஓரத்தில் எழுதிக்கொள்வார்.

அடுத்த ஜனவரியிலும் வந்தாள், காலணியில் சேற்றோடு. அவர் வழக்கம்போல் கேட்டார்.

"இல்லீங்க," என்றாள்.

கிட்டன்ஸ் கோப்பை மூடி நாடா கட்டினார். ஆணியிலிருந்து தொப்பியை எடுத்தார்.

"உப்புமீன் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே அவளோடு படியிறங்கினார். குமாஸ்தா முக்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, வரிசையில் அடுத்தவளைக் கூப்பிட்டான்.