முதல் தொடர்பு எண்

அப்பாவின் டை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மகள் காரின், சவப்பெட்டிக்குள் குனிந்து அதை நேராக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற அம்மா டார்லீனின் கைப்பைக்குள் ஏதோ அதிர்ந்தது.

"உங்கப்பா போனு," என்றாள் டார்லீன்.

கணவர் இறந்த நாளிலிருந்து அந்தக் கைப்பேசியை அவள்தான் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அணைக்க மனம் வரவில்லை. பால் லாரி ஓட்டிய ஆர்வில் டெஸ்கியைத் தெரியாத பண்ணை அந்த வட்டாரத்தில் கிடையாது. துக்கம் விசாரிக்க யாராவது அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள்.

டார்லீன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வாய்விட்டே படித்தாள்.

"வணக்கம் ஆர்வில். உங்கள் இறுதிச் சடங்கை எங்களிடம் ஒப்படைத்ததற்கு நன்றி. எங்கள் சேவை எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரங்களில் எத்தனை தருவீர்கள்?"

அஞ்சலி செலுத்த வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். யாரோ இருமினார்கள்.

"எவன் பண்ண வேலை இது?" என்றான் காரினின் தம்பி லைல். டயர் கடையில் கத்திக் கத்தியே பேசிப் பழகிய குரல். "பொணத்துக்கிட்டயே மார்க்கு கேக்கறானுங்க."

"எந்திரிச்சு உக்காந்து பதில் போடணும்போல," என்றாள் டார்லீன். அவள் அழவில்லை. கைப்பேசியைப் பைக்குள் வைத்து மூடினாள்.

சவ அடக்க நிலையத்தின் உரிமையாளர் வெர்னன் பிளாட்ஸ் அதற்குள் வந்துவிட்டார். பருத்த மனிதர், ஆனால் நடந்தால் சத்தம் கேட்காது.

"டார்லீன், என் தப்பு. நம்பரை மாத்திப் போட்டுட்டேன்."

"எத்தனை வருஷப் பழக்கம் வெர்னன். எனக்கும் இங்கதான் பெட்டி பாத்து வெச்சிருக்கேன். அதைப் பக்கத்து ஊருக்கு மாத்திக்கறேன்."

"அதோட விட்றதா?" என்றான் லைல். "சர்ச்சு சாப்பாட்டுல ஒருத்தர் விடாம சொல்லுவேன்."

அந்த ஊரில் அது போதும். வெர்னனின் கடையைத் தனியாகப் பூட்ட வேண்டியதில்லை.

வெர்னன் சொன்னது பொய் என்று அங்கே தெரிந்தது காரினுக்கு மட்டும்தான். அந்த வாசகத்தைப் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவளே அவள். வெர்னனின் அலுவலகத்தில் ஓடும் மென்பொருள் அவள் குழு செய்தது. மேடிசன் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை என்பதற்கு மேல் வீட்டில் யாரும் கேட்டதில்லை. சவ அடக்க நிலையங்களுக்குச் செய்கிறேன் என்று அவளும் சொன்னதில்லை, சொல்லக் கூச்சம்.

டை இப்போது நேராகத்தான் இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, கோட்டுகள் தொங்கும் அறைக்குள் ஒதுங்கித் தன் கைப்பேசியில் அலுவலகப் பக்கத்தைத் திறந்தாள். எல்லாம் பச்சை.

ஒரு நிரலை எழுதும் முன்பே, அது தேற வேண்டிய சோதனையை எழுதிவிடுவது அவர்கள் வழக்கம். தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. அந்தச் சோதனையை யார் எழுதுவது என்பதில்தான் வசந்த காலத்தில் ஒரு பேச்சு வந்தது. எங்களோடு ஒரு நாள் உட்காருங்கள், எங்கள் வேலையில் எது எப்படி நடக்கும், எது நடக்கக்கூடாது என்று நாங்கள் சொல்கிறோம், அதையே சோதனையாக எழுதிக்கொள்ளுங்கள் என்று காணொளிக் கூட்டத்தில் கேட்டவர் வெர்னன். காரின் நேரமில்லை என்றாள். குழுவே தனக்குத் தெரிந்ததை வைத்து எழுதிக்கொண்டது. வேலை குறித்த தேதிக்கு முன்பே முடிந்தது. அதற்காக அவளுக்குப் பாராட்டும் கிடைத்தது.

வெர்னன் யாருடைய கோட்டையோ தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"பின்ன, அப்பா பெட்டிகிட்ட நிக்கற பொண்ணைக் கை காட்டவா?"

"டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆயிருக்கு வெர்னன்."

"ஆகாம என்ன? மொத நம்பருக்கு மெசேஜ் போகணும்னு எழுதினீங்க. மொத நம்பருக்குப் போச்சு." அவர் கோட்டின் தோளில் இருந்த பனியைத் தட்டினார். "மத்த தொழில்ல வாடிக்கையாளர்னா உசிரோட இருப்பான். இங்க அவனே முன்கூட்டி வந்து, பெட்டி பாத்து, பேரும் நம்பரும் குடுத்துட்டுப் போவான். அப்புறம் ஒரு நாள் அதே பெட்டியில படுப்பான். மொத நம்பர் அவனோடது."

"இதுக்கு முன்னாடியும் இப்படிப் போயிருக்கா?"

"ஒரு தடவை. அதுலருந்து ஆபீஸைப் பாத்துக்கற ஃபிலிஸ் ஒவ்வொரு காரியத்துக்கும் முன்னால உக்காந்து நம்பரைக் கையால மாத்திடுவா. இன்னிக்குக் காலையிலருந்து உங்கப்பா சாப்பாட்டுக்காக சர்ச்சுல ஹாம் கறி வெட்டிட்டிருக்கா. மறந்துபோச்சு."

"எங்களுக்கு எழுதியிருக்கலாமே."

"எழுதினோம். அடுத்த பதிப்புல பாக்கறோம்னு பதில் வந்துது. உன் பேர்லதான்."

காரினுக்கு அந்தப் பதில் நினைவில்லை. நினைவில் இருந்தது வேறு. அந்தக் கூட்டத்தில், மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரனிடம் அவள் சொன்னது: 'பெட்டி விக்கறவரு நமக்கு டெஸ்ட் எழுதித் தரப்போறாராம்.' அறையே சிரித்தது. திரையில் வெர்னன் தலையைக் குனிந்து மேசையில் இருந்த காகிதங்களை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்காது என்றே இத்தனை மாதமும் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

"வெர்னன், அன்னிக்கு மீட்டிங்குல நான் பேசினது..."

"இங்க ஹேங்கரே பத்த மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

அடக்கம் முடிந்து எல்லாரும் சர்ச்சின் அடித்தளக் கூடத்துக்கு வந்தார்கள். நீள மேசைகளில் வெள்ளைக் காகிதம் விரித்திருந்தது. ஹாம் வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், ஊறுகாய். லைல் காபிப் பானைக்குப் பக்கத்தில் நின்று ஆரம்பித்துவிட்டான்.

"அஞ்சுக்கு எத்தனை ஸ்டார்னு அப்பாகிட்ட கேக்கறாங்க. பெட்டி மெத்தையா இருக்கா, குளுருதான்னு அடுத்து கேப்பாங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த ஃபிலிஸின் காதுகள் சிவந்திருந்தன. ஹாம் தட்டைப் பார்த்தபடியே அடுத்த பன்னை எடுத்து வைத்தாள்.

காரின் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா. அந்த மெசேஜை வெர்னன் அனுப்பல. அது எங்க கம்பெனி ப்ரோக்ராம் தானா அனுப்பினது. அதுக்குப் பொறுப்பு நான்."

டார்லீன் மெல்லுவதை நிறுத்தினாள். "நீ எழுதினதா?"

"எப்படி சோதிக்கணும்னு முடிவு பண்ணது நான். ஒரு நாள் வந்து எங்ககூட உக்காருன்னு அவர் கேட்டாரு. நேரமில்லன்னுட்டேன்."

"நேரமில்லங்கறது உனக்கு நல்லா வருமே," என்றாள் டார்லீன். "நாங்களும் கேட்டிருக்கோம்."

காரின் காகித விரிப்பைப் பார்த்தாள். அவள் முன்னால் இருந்த தட்டை யாரோ நிரப்பிவிட்டுப் போனார்கள்.

"லைல்," டார்லீன் குரலை உயர்த்தினாள். "பேசினது போதும். வாயில ஏதாவது போடு. வெர்னன், நீங்க இப்படி வந்து உக்காருங்க. இவகிட்ட அன்னிக்கு என்ன கேட்டீங்களோ அதை இப்பக் கேளுங்க."

"இன்னிக்கு வேணாமே டார்லீன்."

"நாளைக்கு இவ இருக்க மாட்டா."

வெர்னன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "பெரிசா ஒண்ணுமில்ல. ஒரு ஆளைச் சொல்லணும். அவருக்கு என்ன ஆச்சுன்னு சொல்லணும். அப்ப என்ன நடக்கணும்னு சொல்லணும். அதை முதல்ல எழுதிட்டு, அப்புறம் ப்ரோக்ராம் பண்ணணும். அவ்வளவுதான்."

"இதுக்கா நேரமில்லாமப் போச்சு?" டார்லீன் கை துடைத்துக்கொண்டாள். "சரி. ஆள் நான். செத்துட்டேன்."

"டார்லீன்..."

"ஏன், நடக்காததா? எழுதுடி."

வெர்னன் சட்டைப் பையிலிருந்து பேனாவை நீட்டினார். காரின் மேசை விரிப்பிலேயே எழுதினாள்: டார்லீன் டெஸ்கி இறந்துவிட்டார்.

"எழுதிட்டியா? ஏற்பாடு பண்ணி வெச்சதும் நான்தான். மொத நம்பர் என்னோடது. அதுக்கு எதுவும் போகக்கூடாது."

எழுதினாள்.

"நட்சத்திரம் கிட்சத்திரமெல்லாம் யாருக்கும் போகக்கூடாது."

"அதை எல்லாருக்கும் பொதுவா எழுதிக்கலாம்," என்றார் வெர்னன்.

"யாருக்குச் சொல்லணும்?" காரின் தலை நிமிராமல் கேட்டாள்.

"லைலுக்கு."

பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதியது.

"கடையில இருந்தான்னா அந்தச் சத்தத்துல போன் கேக்காது," என்றார் வெர்னன், காபிப் பானை இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு. "அவன் எடுக்கலேன்னா?"

காரின் அடுத்த வரியை ஆரம்பித்தாள்: லைல் எடுக்காவிட்டால். அடுத்து தன் பெயரை அம்மா சொல்வாள் என்று பேனாவை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள். காகிதத்தில் மசி ஊறிப் புள்ளி பெரிதானது.

டார்லீன் கோப்பையை அருகில் இழுத்துப் பாலை ஊற்றினாள். கலக்க ஆரம்பித்தாள். காபி முழுதும் நிறம் மாறிய பிறகும் கலக்கிக்கொண்டே இருந்தாள்.