புதியது பழையதைத் திறக்கும்

புதிய பதிப்பைக் கற்று முடித்த அன்று மத்தியானமே இம்மாகுலேட் புதிய பதிப்புக்கு வந்துவிட்டாள். அவள் கணவன் ரெமிஜியுஸ் பழைய பதிப்பிலேயே இருந்தான்.

தூத்துக்குடியில் கம்ப்யூட்டரில் கட்டடப் படம் வரைகிற எல்லோருக்கும் இப்படித்தான். படம் வரைகிற மென்பொருளின் எந்தப் பதிப்பில் கை பழகியிருக்கிறதோ அந்தப் பதிப்பில்தான் ஆளும் இருப்பார். புதியது பழையதைத் திறக்கும். பழையது புதியதைத் திறக்காது. ஆகவே இம்மாவுக்கு ரெமியை நன்றாகத் தெரிந்தது, அவன் பேசுவதும் கேட்டது. அவனுக்கோ அவள் பேச்சு கேட்கவில்லை, அவள் நிற்கும் இடத்தில் ஒரு பெட்டி மட்டும் தெரிந்தது. புள்ளிக்கோட்டால் ஆன பெட்டி, நடுவில் ஒரு பெருக்கல் குறி.

அவள் ஆபீசில் புதிய பதிப்பு வாங்கினார்கள், அவன் ஆபீசில் வாங்கவில்லை. பயிற்சிக்குப் போகும்போது அவளுக்கு மாதம் நெருங்கியிருந்தது. வயிறு மேசையில் இடிக்க இடிக்க உட்கார்ந்து கற்றாள். குழந்தை அதனால் புதிய பதிப்பிலேயே பிறந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் ரெமியிடம் ஒரு சின்னப் பெட்டியை நீட்டினாள்.

"பொம்பளப் புள்ள. பிடிங்க."

அவன் இரண்டு கையாலும் வாங்கினான். தலை எந்தப் பக்கம் என்று கேட்டு அந்தப் பக்கம் கையை அணை கொடுத்தான். பெட்டிக்குக் கனமும் இல்லை, சூடும் இல்லை.

"யார மாதிரி இருக்கு சிஸ்டர்?"

"மூக்கு உங்க மூக்கு."

அன்று முழுக்க அவன் தன் மூக்கைத் தடவிக்கொண்டே இருந்தான். கட்டிலில் படுத்தபடி இம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் நாட்கள் ஒழுங்காகவே நடந்தன. காலையில் ரெமி காப்பி போட்டுப் பெரிய பெட்டியின் முன்னால் ஒரு டம்ளர் வைப்பான், சின்னப் பெட்டியின் அருகே ஒரு கிலுகிலுப்பை. ஆபீஸ் போகுமுன் பெரிய பெட்டியை அணைத்துக்கொள்வான். பெட்டி ஆளைவிட அகலமாக இருந்ததால் அவன் அணைக்கிற இடத்தில் அவள் இருப்பதில்லை. அந்த இடத்துக்கு அவள் நகர்ந்தால் பெட்டியும் சேர்ந்து நகர்ந்தது.

குழந்தை ஜொவிட்டா அப்பாவை நன்றாகப் பார்த்தாள். அவன் அறைக்குள் வரும்போதெல்லாம் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவாள். பழைய பதிப்பில் இருப்பவர்களின் வழக்கப்படி அவனும் நேர்க்கோட்டில் நடந்து வருவான், சுவர் வரும்போது செங்கோணத்தில் திரும்பிப் போய்விடுவான். தூக்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். பிறகு அவள் அந்தக் கையையே வாயில் போட்டுக்கொள்வாள்.

இம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கும் வேலை அவள் ஒருத்திக்கே இருந்தது. மூச்சு வரும். இருந்தாலும் மறுபடி விரலை வைப்பாள். இன்னொரு விரல் இருந்தால் தேவலை என்று தோன்றும். அந்த விரல் பக்கத்திலேயேதான் படுத்திருந்தது, கீபோர்டு மூலையிலுள்ள எஸ்கேப் பட்டனைத் தட்டுவதுபோல் தூக்கத்திலும் பாயை இரண்டு தடவை தட்டிக்கொண்டு.

அந்தத் தட்டல்தான் அவனைக் கெடுத்தது. பழைய பதிப்பில் எதைத் தொடங்கும் முன்னும் எஸ்கேப்பை இரண்டு தடவை தட்டுவார்கள், கோடு வேண்டுமென்றால் எழுத்தைத் தட்டுவார்கள். புதியதில் தட்டுவது கிடையாது. கையால் தடவி இழுத்தால் கோடு வரும். ரெமி சொந்தமாகப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து பார்த்தான். "சார், தட்டாதீங்க, தடவுங்க" என்று பயிற்சியாளர் சொல்லச் சொல்ல, அவன் இடது சுண்டுவிரல் தானாக மேசை மூலைக்குப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இட்லியைப் பிட்கும் முன்னும் அவன் தட்டின் ஓரத்தை இரண்டு தடவை தட்டித்தான் தொடங்கினான்.

எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் அக்காவும் படம் வரைகிறவள்தான், இரண்டு பதிப்பையும் போட்டிருந்தாள். அதனால் இரண்டு பக்கமும் பேசுவாள், ஆனால் எதைச் செய்யவும் நேரம் பிடிக்கும். முறுக்கை எடுத்தால் வாய்க்குப் போய்ச் சேருவதற்குள் பேச்சு மாறியிருக்கும். இம்மாவின் பதில்களை ரெமிக்குச் சொல்வது அக்காதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து ரெமி அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெரிய பெட்டியின் முன்னால் உட்கார்ந்தான்.

"இம்மா, நீயாவது பழசுக்கு வந்துடு. பிள்ளைய அப்புறம் பாத்துக்கலாம்."

இம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்புறம்னா எப்பம்? அவுகளுக்கு என்ன, பெட்டிக்குக் கிலுகிலுப்ப வச்சாப் போதும்னு நெனைக்காகளா? ராத்திரி முழுக்க முழிச்சிருக்கது யாரு? அவுக அம்மாவா வந்து முழிச்சா?"

பேச்சி அக்கா முறுக்கை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டே, "யோசிக்கேன்னு சொல்லுதா" என்றாள்.

"அவ்வளவுதானா? இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டிருந்தீங்களே, அக்கா?"

"மத்ததெல்லாம் விசேஷமா ஒண்ணும் இல்ல, தம்பி."

அவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். பின்கழுத்தில் முடி வளர்ந்து சட்டைக் காலர் வரை வந்திருந்தது. அங்கே விரலை வைக்க வேண்டும்போல இம்மாவுக்கு இருந்தது. வைத்தாள். அவனுக்குத் தெரியவில்லை.

அவன் போனதும் அக்காவிடம் கேட்டாள். "அக்கா, நான் பழசுக்குப் போனா என்ன ஆகும்?"

"உனக்கு ஒண்ணும் ஆகாது. நீ பழசுல இருந்து வந்தவதானட்டி. பழசுல சேவ் பண்ணுன்னு ஒரு சொல் சொன்னாப் போதும், அடுத்த நிமிஷம் அங்க நிப்ப."

"இவ?"

அக்கா பிள்ளையைப் பார்த்தாள். "இவளும் வருவா. ஆனா பழசுக்கு இந்த மாதிரி வளைவெல்லாம் தெரியாதுல்லா. சின்னச் சின்ன நேர்க்கோடா வெட்டித்தான் வளைவு மாதிரி காட்டும். கன்னமெல்லாம் மூலை மூலையா, முக்கு முக்கா இருக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது, வெளிக்கோடு மட்டுந்தான். திருப்பிப் புதுசுக்குக் கொண்டாந்தாலும் வெட்டினது ஒட்டாது."

"விட்டுட்டுப் போனா?"

"விட்டுட்டுப் போனா நீயும் அவள பெட்டியாத்தான் பாப்ப."

இம்மா குழந்தையின் கன்னத்தில் கன்னத்தை வைத்தாள். முக்கு எதுவும் இல்லை. ஜொவிட்டா அம்மாவின் முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் ரெமி கோயில் தெரு வரை நடந்துவிட்டு வந்து செங்கோணமாகத் திரும்பிச் செருப்பைக் கழற்றியபோது, அந்தச் சொல் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அதன் பிறகு அவன் வரும் நேரத்தில் வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக் கடித்துக்கொண்டிருப்பாள்.

கிராம்பு எவ்வளவு நாளைக்குத் தாங்கும் என்ற பயத்தில்தான் அவள் தான் படித்த கான்வென்ட்டுக்குப் போனாள். அங்கே கம்ப்யூட்டர் அறையில் புதியதன் மாணவர் பதிப்பு இருந்தது. கை பழகாவிட்டாலும் பள்ளியில் பேர் இருந்தால் அது கிடைக்கும். தலைமை ஆசிரியை சிஸ்டர் எமரன்சியா அவளை மறக்கவில்லை.

"இம்மாகுலேட், நகத்தைக் கடிக்கிறதை இன்னும் விடலையா நீ?"

இம்மா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். சிஸ்டர் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஒன்பதாம் கிளாஸ்ல ஒரு இடம் இருக்கு. பெண்கள் பள்ளிக்கூடம்தான். ரெட்டைச் சடை போடணும். முடி போதாட்டா ரிப்பனாவது கட்டணும். வகுப்புல தமிழ் பேசினா முட்டி போடணும், அது எல்லாருக்கும்தான்."

"சிஸ்டர், அவுக பரீட்சையில தேற மாட்டாக. கை தட்டிக்கிட்டே இருக்கும்."

"தேறவே கூடாது. மாணவர் பதிப்பு மாணவருக்குத்தான். தேறினா அன்னைக்கே பறிபோகும். படிச்சுக்கிட்டே இருக்கணும், தேறக் கூடாது. அதுக்கு உன் வீட்டுக்காரர் சம்மதிப்பாரா?"

பேச்சி அக்கா போய்ச் சொன்னதும் அவன் சம்மதித்தான். ஆபீசில் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலை தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரினான். கண்ணாடியில் பார்த்து ஊதா ரிப்பனைக் கட்டிக்கொண்டான். இடது பக்க முடிச்சு சரியாக விழவில்லை. பக்கத்தில் நின்ற இம்மாவின் கை பரபரத்தது.

பகல் முழுக்க இம்மா வீட்டைப் பெருக்கிக்கொண்டே இருந்தாள். பிள்ளைக்குச் சட்டை மாற்றினாள், பிறகு பழைய சட்டையே நன்றாக இருந்ததாகப் பட்டது, திரும்ப மாற்றினாள். அவன் நன்றாகப் படித்துத் தொலைத்துவிடக் கூடாதே என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். சின்ன வயதில் அவன் கணக்கில் கெட்டிக்காரன் என்று மாமியார் சொன்னது ஞாபகம் வந்து இன்னொரு தடவை வேண்டிக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் விட்டு ரெமி வந்தான். தெருமுனையில் செங்கோணமாகத் திரும்பாமல் வளைந்து வந்ததை அவள் ஜன்னலிலிருந்தே பார்த்தாள். முழங்காலில் சிமெண்டுத் தரையின் மண் ஒட்டியிருந்தது. வாசலில் பையை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தான். பெட்டியின் நடுவைப் பார்ப்பதுபோல் இல்லை, அவள் கண்ணைப் பார்த்தான்.

பிறகு பார்வை அவள் தலைக்குப் போனது.

"முடிய வெட்டிட்டியா?" என்றான்.

"கொட்டிச்சு. பிள்ள பெத்தாக் கொட்டும்."

"நல்லாத்தான் இருக்கு."

"முட்டி போட்டீகளா?"

"எஸ்."

ஜொவிட்டா பாயிலிருந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய் அவளைத் தூக்கினான். பிள்ளையின் கனத்துக்கு அவன் கை ஒரு தடவை தாழ்ந்து உயர்ந்தது. அவள் அவன் ரிப்பனைப் பிடித்து இழுத்தாள். அவன் மூக்கால் அவள் மூக்கைத் தொட்டான்.

அவன் பிடித்திருந்த பிள்ளையின் தொடையில் சாம்பல் நிறத்தில் பொடியாக எழுத்துகள் வந்தன. அவன் தொட்ட மூக்கு நுனியிலும் வந்தன. இம்மா குனிந்து படித்தாள். மாணவர் பதிப்பில் உருவானது, வணிக நோக்கத்துக்கு அல்ல என்று இருந்தது. முந்தானையை நனைத்துத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. பிள்ளை கூச்சத்தில் சிரித்தாள்.

இம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள். தன்னையும் அவன் தொடட்டும் என்று முதலில் உள்ளங்கையை நீட்டினாள். பிறகு கொஞ்சம் யோசித்து, எழுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நெற்றியைக் காட்டினாள்.