பெட்டியோடு ஒரு சிப்பாய்

ஆறு நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கியதில் முன்னால் இருப்பது எதுவும் தெரியவில்லை. பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் யாரோ குனிந்து உள்ளே வருவது காலடிச் சத்தத்தில் மட்டும் கேட்டது. "மாடிக்குப் போங்க, அப்பா மேலதான் இருக்காரு" என்றாள் மகள். சொன்ன பிறகுதான், அவர் உயிரோடு இருந்தபோது சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. நாற்காலிகளைக் கீழே வைத்தாள்.

வந்தவர் பல் டாக்டர். பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருப்பவர், பத்து வருஷமாகக் கடையின் வாடிக்கையாளர். ஊரில் பாதிப் பேரின் பல்லைப் பிடுங்கிய கை அது. ஆனால் இந்தக் கடையில் வாங்கிய சிப்பாய் பொம்மைகளில் ஒன்றைக்கூட அந்தக் கை பெட்டியை விட்டு வெளியே எடுத்ததில்லை. வீட்டில் ஒரு அறை முழுக்கப் பெட்டி பெட்டியாகப் பட்டாளம் நிற்கிறதாம். மனைவியின் தையல் மிஷின் வராந்தாவுக்குப் போய்விட்டதாம்.

"நம்பவே முடியலம்மா. போன வாரம்கூட இங்கதான் நின்னு சண்டை போட்டேன்" என்றார்.

அவளுடைய அப்பாவைத் தெருவில் எல்லாரும் 'பட்டாளம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாளத்துக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. லாரி டயர் வெடித்தால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற மனிதர். ஆனாலும் முப்பது வருஷமாக அவர் விற்றது சிப்பாய், தளபதி, பாராசூட் வீரன், கண்ணிவெடி எடுப்பவன் என்று பட்டாளப் பொம்மைகள் மட்டுமே. கடைக்குள் நுழைபவரிடம் முதலில் கேட்கிற கேள்வி, "விளையாடவா, வெச்சுப் பாக்கவா?" என்பதுதான். வைத்துப் பார்ப்பவர்களுக்குக் கணுக்காலைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். கணுக்கால் தளர்ந்த பொம்மை இரண்டு கோடை தாண்டினால் அலமாரியில் குப்புற விழுந்துவிடும் என்பார். ரப்பர் உடுப்பு வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுபிசுக்கும் என்பார்.

விளையாடுகிறவர்களுக்கு என்றால் கதையே வேறு. தொப்பி தனியாகக் கழலக் கூடாது, கழன்றால் அது வாய்க்குள்தான் போகும். துப்பாக்கி கையோடு சேர்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் வளையலாம், முறியக் கூடாது. புது மாடல் வந்தால் ஒரு பெட்டியைப் பிரிப்பார். தோள், முழங்கை, இடுப்பு என்று ஒவ்வொரு மூட்டையும் ஐம்பது தடவை திருகுவார். ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப்போடுவார். கடைசியாகக் கல்லா மேஜையின் உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் மூன்று முறை போடுவார். தேறினால்தான் அந்த மாடலை அலமாரியில் ஏற்றுவார்.

அப்படித் தட்டி, ஊறப்போட்டு, கீழே போட்டுப் பார்த்த பொம்மையை அவர் விற்க மாட்டார். அது அவளுக்கு வந்துவிடும். அவளுடைய பிறந்தநாள் அத்தனையும் அப்படித்தான் போயின. கூடப் படித்தவர்கள் அதே கடையில் வாங்கிய அதே சிப்பாயைப் பளபளக்கிற பெட்டியோடு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருவார்கள். அவளுடைய சிப்பாய்க்கு நெற்றியில் கீறல் இருக்கும், பெட்டி இருக்காது. கடைக்காரர் மகளுக்குக் கழித்துக்கட்டியதுதான் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. பெரியவளாகி, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் அந்த முள் உள்ளேயே கிடந்தது.

நாலு மாதத்துக்கு முன்னால் அவள் மகளின் நாலாவது பிறந்தநாளுக்கு அப்பா ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு சிப்பாய். கன்னத்தில் பெயிண்ட் உரிந்திருந்தது. அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள். கூடவே போனில் ஒரு செய்தி: 'என் பொண்ணுக்காவது புதுசா, பெட்டியோட ஒண்ணு அனுப்புங்கப்பா. விக்காததை அனுப்ப வேண்டாம்.' அப்பா படித்துவிட்டார் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கூப்பிட்டால், "இரும்மா, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று போனை உடனே கைமாற்றிவிடுவார்.

மூன்று நாள் ஆஸ்பத்திரி. மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு அவள் ஓடிவருவதற்குள், நேற்று மத்தியானம், மூச்சு நின்று இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். கேட்க ஆள் இல்லை. "என்மேல கோபமாவே போயிட்டாராம்மா?" என்று காலையில் அம்மாவிடம் கேட்டாள். "அவரு எதைத்தான் வாய்விட்டுச் சொன்னாரு" என்றாள் அம்மா.

"என்ன சண்டை டாக்டர்?" என்றாள் இப்போது.

"ஒரு பொம்மைக்குத்தான். புது மாடல், ஒரே ஒரு பெட்டி. அந்த மாடல் இந்தப் பக்கத்துல எவன்கிட்டயும் கிடையாது. கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். கையை நீட்டினா கல்லாவுக்குக் கீழ ஒளிச்சு வெச்சுக்கறாரு மனுஷன். நான் என்ன திருடனா?" சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, அடுக்கிலிருந்து மூன்று நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

கடையில் இருபத்தைந்து வருஷமாக வேலை பார்க்கும் அக்கா, மூலையில் தண்ணீர் பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தாள். முதலாளி போன வீட்டில் அழுவதற்கு நேரம் கிடைக்காத ஒரே ஆள் அவள்தான். இந்த முப்பத்திரண்டு வயதுக்காரியை இன்னும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, டாக்டர் சொன்னது எந்தப் பெட்டி?"

அக்கா எண்ணிக்கையை விட்டாள். கல்லா மேஜைக்குக் கீழே குனிந்து, துணி சுற்றிய ஒரு பெட்டியை எடுத்து மேலே வைத்தாள். பிரிக்காத பெட்டி. கண்ணாடித் தாளுக்குப் பின்னால் பச்சை உடுப்பில் ஒரு சிப்பாய், பெண் சிப்பாய், நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியின் ஒட்டுத்தாள் ஓரத்தில் மட்டும் லேசாக அழுக்கு ஏறியிருந்தது.

"உங்க பொண்ணுக்கு. நீங்க திருப்பி அனுப்பினது வந்து சேர்ந்த அன்னிக்கே எழுதிப் போட்டு வரவழைச்சாரு."

"அப்புறம் ஏன் அனுப்பல?"

"எப்படி அனுப்புவாரு? தட்டிப் பாக்காம பேத்தி கையில குடுக்க மனசு வரல. தட்டிட்டா புதுசா இருக்காது, நீங்க புதுசா கேட்டிருக்கீங்க. தினமும் காலையில எடுப்பாரு. மூடியில நகத்தை வைப்பாரு. யோசிப்பாரு. மறுபடி துணியைச் சுத்தி உள்ள வெச்சிடுவாரு. நாலு மாசமா இதே கூத்து."

அவள் ஒட்டுத்தாள் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான்கூடச் சொன்னேன் பாப்பா. 'ரெண்டா வாங்குங்க முதலாளி, ஒண்ணைத் தட்டிப் பாருங்க, இன்னொண்ணை அனுப்புங்க'ன்னு. 'தட்டினது தேறும். தட்டாதது தேறும்னு எனக்கு எப்படித் தெரியும்?'னு கேட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. 'கடையில அப்படித்தானே முதலாளி விக்கறோம்'னேன். 'அது ஊருக்கு'ன்னாரு. 'என் புள்ளைக்கு என்னிக்காவது தட்டாததைக் குடுத்திருக்கேனா?'ன்னாரு."

அக்கா சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்கு இது தெரிந்த சங்கதி, ஊரறிந்த சங்கதி என்றுகூட நினைத்திருப்பாள். மகள் கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷத்தில் கடைக்கு வந்த ஒவ்வொரு மாடலிலும், உடையாது என்று அவர் சத்தியம் செய்யக்கூடிய பொம்மை ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கிறது. அதை வேறு யாருக்கும் கொடுக்காமல் அவளுக்குக் கொடுத்திருக்கிறார். அதைத்தான் அவள் விக்காதது என்று எழுதி அனுப்பினாள்.

"பாவி" என்றாள். தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள். அப்புறம் வாய்விட்டு அழுதாள். நேற்றிலிருந்து அப்படி ஒரு அழுகை அவளுக்கு வரவே இல்லை. அக்கா பக்கத்தில் வந்து நின்றாள், தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. யாரோ பின்பக்கக் கதவைத் திறந்தார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாப்பா, நேரமாச்சு" என்றாள்.

மகள் ஒட்டுத்தாளில் நகத்தை வைத்துக் கிழித்தாள். கண்ணாடித் தாளைப் பிய்த்து, சிப்பாயைக் கட்டியிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கி எடுத்தாள். தோளைத் திருகினாள், முழங்கையைத் திருகினாள். ஐம்பதுக்கு நேரம் இல்லை, பத்தோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு அதை மேஜையின் விளிம்பில் நிறுத்தி, விரலை எடுத்தாள்.

சிமெண்ட் தரையில் அது விழுந்த சத்தம் காலிக் கடையில் பெரிதாகக் கேட்டது. மாடியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அக்கா படிப்பக்கம் பார்த்தாள். மகள் குனிந்து எடுத்தாள், மறுபடி விளிம்பில் நிறுத்தினாள். இரண்டாவது முறை அது தலைகுப்புற விழுந்து, அலமாரிக்கு அடியில் போய்விட்டது. தரையில் முட்டி போட்டு, கையை விட்டுத் துழாவி எடுத்தாள். கையெல்லாம் தூசி.

மூன்றாவது சத்தத்துக்குப் பிறகு படியின் மேலே அம்மா வந்து நின்றாள். யாரோ தோளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். நேற்றிலிருந்து அழுது அம்மாவுக்குக் குரலே இல்லை.

"தேறிச்சா?" என்று கேட்டாள்.

மகள் சிப்பாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கு நுனியில் பெயிண்ட் போயிருந்தது. முழங்காலில் ஒரு கீறல். கை, கால், கழுத்து எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

"தேறிச்சும்மா."

"அப்ப மேல வா. அப்பாவை இறக்கப் போறாங்க."

அவள் பொம்மையை ஒரு காலில் பிடித்துத் தொங்கவிட்டபடியே படியேறினாள்.