இரண்டு அங்குலம் உயர

குலேந்திரன் தன் பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். முழங்காலுக்குக் கீழேதான் வெளியே தெரிந்தது. பக்கத்தில் டோர்ச்சோடு குந்தியிருந்த அவன் மனைவி கஜலக்சுமிக்கு, அவிழ்ந்து கிடந்த அவனுடைய சப்பாத்து நாடாவைக் கட்டிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் வண்டியைத் தொடவும் பயம், அதன் கீழே கிடந்தவனைத் தொடவும் பயம்.

சுவிஸின் எம்மன்புரூக்கேயில் இந்த வண்டியைப் பற்றிக் கதைக்காத தமிழ் வீடு இல்லை. லுசேர்ண் ஹோட்டல் குசினியில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்கிறவன், பஸ் வீட்டு வாசலிலேயே நின்று ஏற்றிப் போகிறது, அவனுக்கு எதற்கு பிக்கப்? வாங்கியதுதான் வாங்கினான், அதை இரண்டு அங்குலம் உயர்த்தவும் வேண்டுமாம். தகட்டு ஸ்பிரிங்குக்கு இடையில் வைக்கிற இரும்புக் கட்டைகளும் நீண்ட போல்ட்டுகளும் தபாலில் வந்து இறங்கின. "உருளைக்கிழங்கு சீவப் போறவருக்கு எந்த மலையிலை ஏற வேணுமாம்?" என்று துஷாந்தனின் மனிசி கோயிலில் வைத்துக் கேட்டாள். கஜலக்சுமி சிரித்துச் சமாளித்தாள். கோயில் தரிப்பிடத்தில் எல்லாருடைய காருக்கும் மேலால் தங்கள் வண்டி தெரியும் என்பது அவளுக்கும் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது.

சனிக்கிழமை அட்டமி. ஞாயிறு காலை பத்து நாற்பதுக்குத்தான் நல்ல நேரம் என்று கலண்டர் சொன்னது. அது யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குக் கணித்த கலண்டர் என்பது அந்த வீட்டில் யாரையும் உறுத்தவில்லை. உறுத்தியது ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கு அவர்களின் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு கரண்டிச் சத்தமும் கேட்கக் கூடாது. உடுப்புத் தோய்க்கக் கூடாது என்று பொது அறிவித்தல் பலகையில் கடிதம் ஒட்டுகிறவள் மூன்றாம் மாடிக் கிழவி, ஃபிராவ் ஓடெர்மாட். வருகிற வியாழக்கிழமை இவர்களுக்குக் குடியுரிமை நேர்காணல். அயலவர்களையும் விசாரிப்பார்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆகவே நிலக்கீழ்த் தரிப்பிடத்தின் பெரிய விளக்குகளைப் போடாமல், சுத்தியலில் பழைய பாவாடைத் துணி சுற்றி, கள்ளர் மாதிரி வேலை தொடங்கியது.

வண்டியைத் தாங்குகிற இரும்பு முக்காலிகள் உயரம் காணவில்லை. அதற்குக் குலேந்திரன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஹோட்டலில் கழித்துவிட்ட வெள்ளை வெட்டுப் பலகைகளைக் கொண்டுவந்து முக்காலிகளுக்குக் கீழே அடுக்கினான்.

"உது வழுக்காதோ?" என்று கேட்டாள்.

"அரை மாட்டைப் போட்டு வெட்டின பலகையப்பா. ஆடாது. நீர் டோர்ச்சை நேரே பிடியும்."

துருப்பிடித்த நட்டுக்கு அவன் அடித்த எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் பலகையில் விழுந்துகொண்டிருந்தது. அதைச் சொல்ல அவள் வாய் திறந்தாள். அப்போதுதான் படிக்கட்டில் காலடி கேட்டது. யாரோ அரக்கி அரக்கி, ஒவ்வொரு படியிலும் நின்று காது கொடுத்து இறங்குகிற காலடி.

"நூரும் டோர்ச்சை!" என்று கீழேயிருந்து மூச்சாக வந்தது.

அணைத்தாள். அரை மணி நேரமாக அசையாத நட்டு அந்த இருட்டில்தான் அசைந்தது. 'டக்' என்றது. பலகை சறுக்குவது கேட்டது, பிறகு இரும்பு சீமெந்தில் விழுந்து உருண்டது. வண்டி முழுவதும் ஒருமுறை குலுங்கிக் கீழே இறங்கியது.

"இஞ்சாருங்கோ."

குனிந்து காது கொடுத்தாள். முக்காலி விழ, பாரம் முழுவதும் ஏறிய ஜாக்கியிலிருந்து பாம்பு சீறுகிற மாதிரி மெல்லிய சத்தம் வந்துகொண்டிருந்தது. அது நிற்கவில்லை.

"கஜா... கத்தாதையும்." குரல் நசுங்கி வந்தது. "நெஞ்சிலை முட்டுது. மூச்சு விட இடம் கிடக்கு. ஆரோ வருகினம். வியாழக்கிழமை..."

"என்னப்பா விசர்க்கதை கதைக்கிறியள்!"

"ஸ்ஸ்... இப்ப இன்னும் கொஞ்சம் இறங்கிட்டுது."

நேர்காணலுக்கென்று மாதக்கணக்காகப் பாடமாக்கிய ஜெர்மன் முழுவதும் அவள் தலைக்குள் இருந்தது. எத்தனை மாநிலம், எத்தனை அமைச்சர்கள், ஏரியின் பெயர் என்ன. வாயில் வந்தது அந்தப் பட்டியலில் இல்லாத ஒரே சொல், உதவி கேட்கிற சொல்.

"ஹில்ஃபே! ஹில்ஃபே!"

விளக்குகள் பளீரென்று எரிந்தன. கதவடியில் ஃபிராவ் ஓடெர்மாட் நின்றாள். ஒரு கையில் செருப்புகள், இடுப்பில் ஒரு கூடை ஈரத்துணி. மேலே சலவை அறையில் தோய்த்ததை இங்கே யாரும் காணாமல் காயப்போட வந்தவள் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. ஒரு கணம் இரண்டு பெண்களும், பிடிபட்ட இருவர் பார்க்கிற மாதிரி, ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பிறகு கிழவியின் கண் வண்டிக்குக் கீழே தெரிந்த கால்களுக்குப் போனது. "ஜெசஸ்!" என்றாள். கூடை விழுந்தது. எழுபது வயதுக்காரி, கழற்றி வைத்திருந்த சில்லைத் தனியே உருட்டிவந்து சரித்துக் காலால் உதைத்து வண்டியின் சட்டத்துக்குக் கீழே தள்ளினாள். ஜாக்கியைக் காட்டிக் கையால் மேலும் கீழும் அடித்துக் காட்டினாள். கஜலக்சுமி கைபிடியைப் பிடித்தாள். ஏற்றுகிறேனா, இறக்கிவிடுகிறேனா என்ற பயத்தில் முதல் அடி அடிக்கவே கை வரவில்லை. கிழவி அவள் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். ஒன்று. இன்னொன்று. வண்டி முனகிக்கொண்டு மயிரிழை மயிரிழையாக எழும்பியது.

குலேந்திரன் முதுகால் ஊர்ந்து வெளியே வந்தான். நெஞ்சில் சட்டை கிழிந்து, குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. முகத்தில் இரத்தமே இல்லை. எழும்பியிருந்து அவன் கேட்ட முதல் கேள்வி: "ஆரும் கண்டவையோ?"

ஃபிராவ் ஓடெர்மாட்டின் வெள்ளைப் படுக்கைவிரிப்பு எண்ணெயில் கிடந்து ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. அவள் அதைப் பார்க்கவும் இல்லை. குலேந்திரனுக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். அவன் கை இன்னும் ஸ்பானரை இறுக்கிப் பிடித்திருந்தது. விடச் சொன்னால் அந்தக் கைக்குக் கேட்கவில்லை. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து, விறைத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கத் தொடங்கினார்கள்.