பச்சைப் பெட்டியின் எடை

எடைமேடைக்காரர் மருந்து குடிக்கப் போன நாட்டில் விட்டுவிட்டு வந்த மனபாரம், அவர் வீடு திரும்பிய பதினேழாம் நாள் காலை பத்தே முக்காலுக்கு, ஒரு பச்சைப் பெட்டியில் வந்து சேர்ந்தது. விமான நிறுவனத்தின் ஆள் அதை மாடிக்குத் தூக்கி வந்து கூடத்தில் வைத்து, மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். அவர் வேலைக்குப் போயிருந்ததால் கையெழுத்துப் போட்டது மனைவி. சீட்டில் எடை இருபத்து மூன்று கிலோ என்றும், பொருள் என்ற இடத்தில் 'பயணியின் சொந்தப் பாரம்' என்றும் இருந்தது. அவள் திறந்து பார்த்தாள். உள்ளே உள்துணியைத் தவிர ஒன்றுமில்லை. மூடி, சுவரோரம் தள்ளப் பார்த்தாள். பெட்டி அசைந்து கொடுக்கவில்லை. "காலிப் பெட்டிக்கு இம்புட்டு கனமா?" என்று அதனிடமே கேட்டுவிட்டு, நேரமாகிவிட்டதால் தானும் வேலைக்குக் கிளம்பினாள்.

பாரம் ஏறிய கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். கருங்கல் அறுக்கும் ஆலைகளிலிருந்து வரும் லாரிகள் நெடுஞ்சாலையில் ஏறுமுன் இவருடைய எடைமேடையில் நின்று சீட்டு வாங்கியாக வேண்டும். கண்ணாடி அறைக்குள் இவர்; வெளியே ஆள் உயரத்தில் சிவப்பு எண்கள் ஒளிரும் பலகை. அந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும், சில்லறையெல்லாம் அதற்குத் தெரியாது. லாரி ஓட்டுநர்களில் ஒருவன் இவருடைய மனைவியின் தம்பி. லாரியை ஏற்றுவதற்கு முன் காலி மேடைமேல் ஓடிவந்து ஒரு குதி குதித்து நிற்பான். பலகை 60 என்று காட்டும். "மாமா, எனக்கு அறுபதாயிடுச்சு, ரிட்டையர் பண்ணி விடுங்க" என்பான். ஒவ்வொரு தடவையும் அதே நகைச்சுவை, ஒவ்வொரு தடவையும் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். அவனுக்குப் பெயரே அறுபது என்றாகிவிட்டது. கூடப் பிறந்த அக்காகூட அப்படித்தான் கூப்பிட்டாள்.

இரண்டரை ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பகலில், எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு போன அரை மணி நேரத்தில், இறக்கத்து வளைவில் அவன் லாரி கவிழ்ந்தது. கற்பலகைகளுக்கு அடியிலிருந்து அவனை எடுக்கச் சாயங்காலம் ஆயிற்று. விசாரணைக்கு வந்தவர்கள் சிதறிய கல்லையெல்லாம் வேறொரு மேடையில் நிறுத்துப் பார்த்தார்கள். சீட்டில் இருந்ததைவிட மூவாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ கூடுதல். சீட்டு ஒழுங்காக இருக்கிறது. ஆகவே ஓட்டுநர்தான் வழியில் எங்கோ பேராசைப்பட்டுக் கூடுதல் கல் ஏற்றியிருக்கிறான் என்று எழுதி மூடிவிட்டார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? 'தானாத் தேடிக்கிட்டான்' என்று துக்கத்துக்கு வந்தவர்களே சொல்லிவிட்டுப் போனார்கள். அக்காவுக்கு மருத்துவமனைப் பதிவறையில் கோப்பு அடுக்குகிற வேலை. அந்த அறிக்கையின் நகலை வாங்கிவந்து, எந்தப் பக்கத்தில் எந்த எண் என்பதுவரை மனப்பாடம் செய்துவிட்டாள். "என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மற்றவர்களைவிட அதிகமாகப் புருஷனிடம் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார்.

அறிக்கை வந்த வாரத்திலிருந்துதான் அவர் கனக்க ஆரம்பித்தார். ஏறி நின்றால் எடைக்கருவி எழுபத்தொன்று என்றுதான் காட்டியது; ஆனால் ஓராண்டில் வீட்டில் மூன்று நாற்காலிகள் உடைந்தன, கட்டிலுக்கு அடியில் செங்கல் அடுக்க வேண்டிவந்தது. பேருந்து நடத்துநர் அவரை நடுவில்தான் நிற்கச் சொல்வார். ஓரத்தில் நின்றால் வண்டி சாய்ந்தது. மருத்துவர்கள் இருக்கிற சோதனையெல்லாம் செய்து, "எல்லாம் நார்மல், கொஞ்சம் நடங்க" என்றார்கள். நடந்தால் படி பெயர்ந்தது. மருந்துக்குக்கூட அந்த மனிதர் முகத்தில் சிரிப்பு இல்லை. கடைசியில் கீழ்வீட்டுப் பல் டாக்டர்தான் வழி சொன்னார். எந்த நேரமும் நோயாளிகளின் அழுகை காதில் கேட்டுக்கொண்டிருந்ததால், அவர் கடல் கடந்து போய், மனபாரத்தைக் குமட்டி வெளியே எடுக்கவைக்கும் கொடிக் கஷாயம் குடித்துவிட்டு வந்தவர். அவருடைய பாரம் நெல்லிக்காய் அளவில் இன்றைக்கும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எடைமேடைக்காரர் போகவே மாட்டேன் என்றார். மனைவி அழுதேவிட்டாள். "அவனும் போயிட்டான். நீங்களும் இப்படியே மண்ணுக்குள்ள எறங்கிட்டா எனக்கு யாரு இருக்கா? போயிட்டு வாங்க." அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை.

இரண்டு விமானம், அப்புறம் ஒரு படகு. படகுக்காரர்கள் அவருக்கு எதிர்ப்பக்கம் நான்கு மூட்டை வைத்துச் சமன் செய்தார்கள். ஓலைக் கூரை போட்ட பெரிய மரக்கூடத்தில் பதினொரு பேருக்குப் பதினொரு மெத்தை, ஆளுக்கு ஒரு வாளி. உப்பு, இனிப்பு, காரம் எதுவும் கூடாது என்று பத்தியம் சொன்னபோது மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். பத்தியம் நமக்குப் புதுசா என்று இவர் சும்மா இருந்தார். மருந்துக்காரி நாற்பது வயதுப் பெண், அதிகம் பேசாதவள். பொழுது சாயும் நேரத்தில் ஒவ்வொருவருக்கும் அரைக் குவளை ஊற்றிக் கொடுத்துவிட்டு, மெதுவாகப் பாடிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். சேற்று நிறம், நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் போன்ற கசப்பு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்களே, அது அங்கேயும் மூன்று நாள்தான். மூன்றாம் நாள் எல்லோரும் குமட்டி எடுத்தார்கள். இவர் எடுத்தது விழுந்தவுடன் வாளி தரைப்பலகையை உடைத்துக்கொண்டு மண்ணில் இறங்கியது. மறுநாள் மருந்துக்காரி, மொழிபெயர்ப்பாளர் மூலம் எல்லோருக்கும் ஒன்றையே சொன்னாள்: "எறக்கி வெச்சாச்சு. இப்போ அது என்னன்னு நல்லா பாருங்க. பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க." மற்றப் பத்துப் பேரும் வாளிக்குள் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க அது சுருங்கிக் கைக்கடக்கமாயிற்று. ஒருத்தி அழுதுகொண்டே கைப்பையில் போட்டுக்கொண்டாள். இவருக்கு முதல் பாதி நன்றாகப் புரிந்தது. இரண்டாம் பாதி புரியாததுபோல் வாளிமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, படகில் ஏறிக்கொண்டார்.

வீடு வந்தவர் தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் நடந்தார். செருப்பு தேயவில்லை. கண்ணாடி அறையில் இடுப்புவாரால் நாற்காலியோடு கட்டிக்கொண்டு சீட்டு எழுதினார், சீட்டியடித்தார், லாரிக்காரர்களை வம்புக்கிழுத்தார். மனைவிக்கு முதல் இரண்டு நாள் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்றாம் நாள் வழக்கம்போலத் தம்பி பேச்சை எடுத்தாள். அவர், முந்தாநாள் செய்தித்தாளில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்கிறவர்போல, "ஆமா, பாவம், நல்ல பையன்" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார். தலை குனிந்து சாப்பிட்ட அந்தப் பழைய மனிதரே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. அவராவது கூட இருந்து துக்கப்பட்டார்.

பெட்டி கூடத்தில் நாளுக்கு நாள் கனத்தது. முதல் வாரம் தரைக்கல் நொறுங்கியது. இரண்டாம் வாரம் கீழே பல் டாக்டரின் கூரையில் விரிசல் விட்டு, வாயைத் திறந்திருந்த நோயாளிக்குள் சுண்ணாம்பு உதிர்ந்தது. டாக்டர் மாடியேறி வந்து, பெட்டியின் கைப்பிடியில் கட்டியிருந்த வெளிநாட்டு எழுத்துச் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார். 'அடுத்தவர் பொருளை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை' என்று இருந்தது. "உங்க வீட்டுக்காரர் இதைப் பாக்கவே இல்லையா? சொந்தக்காரர் பாத்தாதாம்மா இது கொறையும்" என்றார். அன்று சாயங்காலம் அவரைப் பார்க்கச் சொன்னாள். "காலிப் பெட்டியில என்னத்தப் பாக்கறது?" என்று சிரித்துக்கொண்டே அவர் ஓரடி தள்ளி மிதந்து போய்விட்டார். சனியனைத் திருப்பி அனுப்பிவிடுவது என்று அவள் முடிவு கட்டினாள். பளுதூக்கி லாரி வந்து, ஜன்னல் சட்டத்தைப் பெயர்த்து, சங்கிலி போட்டுப் பெட்டியை இறக்கியது. அதன் ஓட்டுநர் கறார் பேர்வழி. "எடை தெரியாம விமான நிலையம்வரைக்கும் ஓட்டமாட்டேம்மா, மொதல்ல மேடைக்குப் போவோம்" என்றார்.

மேடையில் பெட்டியை மட்டும் ஓரமாக இறக்கி வைத்தார்கள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. எடைமேடைக்காரர் ஒலிபெருக்கியில் உற்சாகமாகப் படித்தார்: "மூவாயிரத்து இருநூத்து நாப்பது!" அவளுக்கு அந்த எண்ணை யாரும் விளக்கவேண்டியதில்லை. ஏழாம் பக்கம், கீழிருந்து நான்காம் வரி. நேராகக் கண்ணாடி அறைக்குள் போய், கல்யாணமாகிப் பதினான்கு ஆண்டுகளில் முதல் தடவையாக அவரை ஒருமையில் கேட்டாள்: "அன்னைக்கு சீட்டுல நீ என்ன எழுதின?"

கனமில்லாதவருக்குச் சொல்வதில் என்ன கஷ்டம்? சிரித்த முகத்தோடு சொன்னார். அன்றைக்குப் பிரிண்டர் ஓடவில்லை, கையால் எழுதினார். பலகை காட்டியது பத்தொன்பதாயிரத்து நானூற்று நாற்பது, அவர் எழுதியது பதினாறாயிரத்து இருநூறு. அவ்வளவுதான். பலகையில் எண் அசையவில்லை. அவள் அவருடைய இடுப்புவாரை அவிழ்த்து, மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். துவைத்த துணிபோலக் காற்றில் கூடவே வந்தார். மேடைக்கு வெளியே நின்று பெட்டியைத் திறந்து, அவர் தலையை உள்ளே குனிய வைத்தாள். "இப்பச் சொல்லு. பாத்துச் சொல்லு."

பார்த்தார். என்ன தெரிந்ததோ, அதைக் கடைசிவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சிரிப்பு முதலில் போயிற்று. "அவனே சொன்னான். 'மாமா, ஓவர்லோடு மாதிரி இருக்கு, திரும்பப் போய் எறக்கிட்டு வந்துடறேன்'னு. எறக்கணும்னா அந்த வெயில்ல மூணு மணி நேரம் வரிசையில நிக்கணும். நீ வேற அவனுக்காகச் சாப்பிடாம காத்துக்கிட்டிருந்த. நான்தான், 'போடா, நான் பாத்துக்கறேன்'னு எழுதிக் குடுத்தேன். மேலேருந்து கல்லை எடுக்கறப்ப நான் அங்கதான் நின்னேன். அவன் சட்டைப்பையில என் சீட்டு இருந்துச்சு. சரியான சீட்டு மாதிரியே இருந்துச்சு." அதற்குமேல் வார்த்தை உடைந்து உடைந்து வந்தது. கால் தரையைத் தொட்டது. பலகையில் எண் இருபது இருபதாக இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற லாரிகள் முதலில் ஹாரன் அடித்தன, பிறகு ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டன. ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர் பேசினார். எண் ஆயிரத்துக்கு வந்தது, நூற்றுக்கு வந்தது, பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"இன்னும் பாக்கி இருக்கா?" என்று கேட்டாள். "இல்ல" என்றார். அவள் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். 60 என்று இருந்தது. பளுதூக்கி ஓட்டுநர்தான் முதலில் வாய் திறந்தார். "நம்ம அறுபது!" என்றார். லாரிக்காரர்கள் இறங்கிவந்து சுற்றி நின்றார்கள். அவள் நடுரோட்டில் உட்கார்ந்து, இரண்டரை ஆண்டாகத் தம்பிக்காக அழாததையும் சேர்த்து அழுதாள்.

மறுநாள் அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் பேரில் ஏழாம் பக்கத்தில் இரண்டு வரிகள் திருத்தப்பட்டன. ஓட்டுநர்மீது தவறில்லை என்பது ஒன்று. தவறு யார்மீது என்பது மற்றொன்று. வேலை போயிற்று, பதினொரு மாதம் சிறையில் இருந்தார். அவள் ஒருநாளும் பார்க்கப் போகவில்லை. ஆனால் அறிக்கையின் திருத்திய நகலை, 'தானாத் தேடிக்கிட்டான்' என்று சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் திரும்பி வந்த அன்று கதவைத் திறந்துவிட்டாள், சோறு போட்டாள், பேசவில்லை. திருப்பி அனுப்பாமல் வீட்டுக்கே கொண்டுவந்த பெட்டி புதிய தரைக்கல்லின்மேல் ஜன்னலோரம் இருந்தது. தினமும் துடைத்து வைத்ததில் பச்சை பளபளவென்று இருந்தது. அடியில் மட்டும் பதினொரு மாதத் தூசி. எடை கூடவுமில்லை, குறையவுமில்லை என்று பல் டாக்டர் சொல்கிறார், அவருடைய கூரைக்குத்தானே தெரியும்.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வீடு பெருக்கிக்கொண்டே ஜன்னல் பக்கம் வந்தவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெட்டியின் ஒரு பக்கம் குனிந்தாள்.

"அந்தப் பக்கம் பிடி" என்றாள்.

அவர் எழுந்து வந்து பிடித்தார்.